பேரன் என்றால் யார்?

போன மாதம் ஒரு மாலை. பெருமுக்கல் மலையடிவாரத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் பாடம் முடிந்து பிள்ளைகள் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் செல்போனில் எதையோ படித்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணா, 1988ல டெண்டுல்கரும் காம்ப்ளியும் ஸ்கூல் படிக்கும்போது சேர்ந்து 664 ரன் எடுத்தாங்களே, அது ஹாரிஸ் ஷீல்டு மேட்ச்சாம். யாருண்ணா அந்த ஹாரிஸ்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவர். 1890 முதல் 1895 வரை பம்பாய் மாகாணத்தின் ஆளுநர். நான்காவது பேரன் ஹாரிஸ்.

"பேரனா? யாரோட பேரன்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு விளக்கினேன். இங்கிலாந்தில் டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன் என்று ஐந்து படி உண்டு. எல்லாம் பரம்பரைப் பட்டங்கள். பேரன் என்பது கடைசிப் படி. நம் ஊர்ப் பேரனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். சம்பந்தம் இல்லாமல் இல்லை. தமிழில் பேரன் என்பதே 'பெயரன்'தான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு என்ன வருகிறது? அந்தத் தம்பி விளையாட்டாகக் கேட்டாலும் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான்.

அதே வாரம் இன்னொரு சம்பவம். எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயாவை அழைத்துக்கொண்டு வாரிசுச் சான்றுக்காக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவருடைய கணவர் மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருடம் உப்பு வாரியவர், இப்போது இல்லை. குடியிருக்கும் மனையோ அவருக்கும் முந்தைய தலைமுறை, மாமனாரின் பெயரில் இருக்கிறது. அந்த மாமனார் இறந்ததற்குச் சான்று இல்லை. அந்தக் காலத்தில் சேரியில் ஒரு சாவை யார் பதிவு செய்தார்கள்? பழைய பதிவேட்டில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. தகப்பன் பெயர் இல்லை. இருக்கிற பெயரிலும் ஓர் எழுத்து பிசகு.

"இவருதான் அவருன்னு இன்னா ஆதாரம்?" என்று கேட்டார்கள்.

"மூணு தலமுறையா அந்த மண்ணுலதான் கெடக்குறோம். இதுக்கு மேல இன்னா ஆதாரம்பா வோணும்?" என்றார் ஆயா.

மனு திரும்பி வந்தது. பேருந்துக்குக் காத்திருக்கையில் செல்போனில் அந்த ஹாரிஸ் குடும்பத்தைத் தேடிப் பார்த்தேன். 1815 முதல் இன்றுவரை எட்டு பேர். யாருக்குப் பிறகு யார், எந்த ஆண்டு பிறந்தார், எந்த ஆண்டு இறந்தார், எல்லாம் வரிசையாக இருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயாவுக்குத் தன் மாமனார் இறந்த வருடம் தெரியாது. "பெரிய புயல் அடிச்சதுக்கு மறு வருசம்" என்றுதான் சொல்லத் தெரியும்.

தோழர்களே, அந்த எட்டு பேரின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது எங்கோ இங்கிலாந்தில் நடந்த கதை இல்லை. நம் மண்ணில் தொடங்கிய கதை.

முதல் ஹாரிஸின் பெயர் ஜார்ஜ். 1746இல் பிறந்தவர். கென்ட் பகுதியில் ஒரு சாதாரணத் துணைப் பாதிரியாரின் மகன். பட்டமும் கிடையாது, பண்ணையும் கிடையாது. படையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து திப்பு சுல்தானை நோக்கிப் புறப்பட்ட பெரும்படைக்கு அவர்தான் தளபதி. மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு கொல்லப்பட்டார். கோட்டைக்குள் எடுத்த செல்வத்தைப் பதவி வாரியாகப் பங்கு போட்டார்கள். தளபதி ஹாரிஸுக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல். ஒரு சிப்பாய்க்குச் சில பவுன். அவர் எடுத்த பங்கு அதிகம் என்று கிழக்கிந்தியக் கம்பெனியே வழக்குப் போட்டது. வழக்கில் ஹாரிஸ் வென்றார். ஊருக்குத் திரும்பி 1801இல் பெல்மாண்ட் என்ற மாளிகையும் நிலமும் வாங்கினார். 1815இல் பட்டம் கிடைத்தது: ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர், கென்டில் உள்ள பெல்மாண்ட் ஆகியவற்றின் பேரன் ஹாரிஸ். வென்ற ஊர் வென்றவரின் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அந்தப் படையில் நடந்தவர்கள் யார்? மதராஸ் ராணுவத்தில் அன்று பறையர் சமூகத்து ஆட்கள் ஏராளம். பாதை வெட்டவும் பாலம் கட்டவும் இருந்த பிரிவில் இன்னும் அதிகம். நாங்கள் பாடம் நடத்தும் இந்த மலைமேலும் கோட்டை இருந்தது. 1760இல் அயர் கூட் இந்த மலையைப் பிடித்தபோது அவருக்கு முழங்காலில் குண்டடி பட்டதை ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டின் முழங்காலுக்கு வரலாறு இருக்கிறது. அவருக்கு முன்னால் மலையேறிய நம் ஆட்களின் உயிருக்குக்கூட வரலாறு இல்லை. பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்றொரு கோட்பாட்டைச் சொல்லி அதே சமூகத்துக்குப் படையின் கதவைச் சாத்தினார்கள். தளபதியின் பதவிக்குப் பரம்பரை உண்டு. சிப்பாயின் உழைப்புக்குப் பரம்பரை இல்லை.

இரண்டாவது ஹாரிஸ் வாட்டர்லூவில் சண்டையிட்டவர். நமக்கு முக்கியமானவர் மூன்றாமவர், முதல் ஹாரிஸின் சொந்தப் பேரன். 1846இல் டிரினிடாடுக்கு ஆளுநராகப் போனார். அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் காலத்தில் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் போனார்கள். பண்ணையடிமையாகக் கிடந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் அப்படிக் கப்பலேறினார்கள். கிரிக்கெட் ஹாரிஸ் பிறந்ததும் அந்த டிரினிடாடில்தான், 1851இல்.

1854இல் மூன்றாவது ஹாரிஸ் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். 1859 வரை இருந்தார். வரி வசூலிக்க மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1855இல் வந்தது. கிட்டி போட்டு விரலை நசுக்கியதும், குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதும் அதில் இருக்கின்றன. கார்ல் மார்க்ஸ் 1857இல் அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. இவை இரண்டுக்கும் நடுவே இன்னொன்று நடந்தது.

1855 அக்டோபரில் கர்நாடக நவாப் குலாம் கவுஸ் கான் பிள்ளையில்லாமல் இறந்தார். 1801 ஒப்பந்தத்திலேயே ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது பட்டம்தான். நேரடி ஆண் வாரிசு இல்லை, எனவே பட்டம் காலாவதி என்றார்கள். டல்ஹவுசி கவர்னர் ஜெனரலாக இருந்த காலம், வாரிசு இல்லையென்று சொல்லி நாடுகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம். நவாபின் சிற்றப்பா அசீம் ஜா தன் உரிமையைக் கேட்டுப் போராடினார். கடைசியில் 1870இல் 'ஆற்காடு இளவரசர்' என்ற வேறொரு பட்டத்தை விக்டோரியா அரசியின் முத்திரையோடு தந்தார்கள். சென்னை ராயப்பேட்டை அமீர் மகாலில் அந்தப் பட்டம் இன்றும் தொடர்கிறது.

இங்கே யோசித்துப் பாருங்கள். நவாபுக்கு வாரிசு இல்லை என்று பட்டம் காலாவதியானபோது சென்னையில் ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யார்? தாத்தாவின் பட்டத்தைப் பிறப்பால் பெற்ற ஒரு பேரன். ஒருவருடைய வாரிசுரிமை செல்லும், இன்னொருவருடையது செல்லாது என்பதை ரத்தம் முடிவு செய்யவில்லை. முத்திரை யார் கையில் இருந்ததோ அவர்தான் முடிவு செய்தார். நவாப் குடும்பத்தின் இழப்பைப் பார்த்துச் சிரிக்க இதைச் சொல்லவில்லை. வாரிசு என்பது இயற்கையாக நடக்கும் விஷயம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது இயற்கை இல்லை. அது ஓர் அலுவலகத்தின் தீர்ப்பு.

ஹாரிஸ் பட்டம் அப்படிக் காலாவதி ஆகவில்லை. 1995இல் ஆறாவது ஹாரிஸ் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தபோது, முதல் ஹாரிஸின் ஆண்வழியில் வந்த ஒரு தூரத்து உறவினரைக் கண்டுபிடித்துப் பட்டம் போய்ச் சேர்ந்தது. சுமார் 180 வருடத்துக் கிளைகளைத் தேடி ஒரு பெரியவரை எடுக்க முடிந்தது, ஏனென்றால் எல்லாம் எழுதி வைத்திருந்தது. நம் ஆயாவுக்கு ஒரு தலைமுறையைத் தாண்ட முடியவில்லை.

இப்போது நம் கிராமத்துக்கு வருவோம். பரம்பரைப் பட்டம் வெள்ளைக்காரனின் வழக்கம், நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். அதே சென்னை அரசு 1895இல் ஒரு சட்டம் போட்டது: சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம். அதில் மணியக்காரர் உண்டு, கணக்குப்பிள்ளை உண்டு. அதே பட்டியலில் வெட்டி, தோட்டி, தலையாரியும் உண்டு. இந்தப் பதவி யாருக்குப் போகும் என்பதற்கு அந்தச் சட்டம் சொன்ன விதி என்ன தெரியுமா? தென்னிந்தியாவில் பங்கு பிரிக்க முடியாத ஜமீன்களுக்கு எந்த வாரிசு முறையோ அதுவே. ஒரே ஒரு வாரிசு. ராமநாதபுரத்து அரியணைக்கு என்ன விதியோ, சேரியில் பிணம் எரிக்கும் வேலைக்கும் அதே விதி! வெட்டியானையும் ஜமீன்தாரையும் சமமாக வைத்த ஒரே சட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் கிடைத்தது என்ன? கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் பரம்பரையாக வந்தது பேனா. எந்த நிலம் யார் பெயரில், எது புறம்போக்கு, எது தரிசு, யார் அனுபவத்தில் என்று எழுதும் பேனா. தாத்தா எழுதியதை மகன் திருத்துவார், மகன் எழுதியதைப் பேரன் பாதுகாப்பார். வெட்டியான் வீட்டுக்கு வந்தது சாவுச் செய்தி சொல்லும் ஓட்டமும் சுடுகாட்டு வேலையும் பறையும். ஒரு வீட்டில் ஊரின் நினைவு சேர்ந்தது. இன்னொரு வீட்டில் ஊரின் பிணம் சேர்ந்தது.

பஞ்சமி நிலத்தின் கதையை இதோடு சேர்த்துப் படியுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைபற்றி அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் கொடுக்கச் சொன்னது. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அதாவது அதுவும் ஒரு வாரிசுச் சொத்து. குடும்பத்துக்கு வெளியே போனாலும் சமூகத்துக்கு வெளியே போகக் கூடாத சொத்து. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். அது எப்படிக் கைமாறியது? கத்தியால் மட்டும் மாறவில்லை, பேனாவாலும் மாறியது. பரம்பரை நிலத்தைக் கொடுத்த அரசு, அந்த நிலத்தின் கணக்கை இன்னொரு பரம்பரையின் கையில் கொடுத்திருந்தது. அந்த நிலத்தை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

அந்தப் பேனாப் பரம்பரையை உடைத்தது நம் அரசியலமைப்புச் சட்டம். பிரிவு 16(2) அரசு வேலையில் எவற்றையெல்லாம் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்கிறது. மதம், இனம், சாதி, பால் என்று போகும் அந்த வரிசையில் 'வம்சாவளி' என்ற சொல்லும் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். ஆந்திராவின் குண்டூர் பகுதியில் ஒரு கிராம முன்சீப் பதவி பற்றிய வழக்கில், காஜுல தசரத ராம ராவ் என்பவர் 1895 சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1960 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பதவி என்பது குடும்பச் சொத்து இல்லை, வம்சாவளியைப் பார்த்துக் கொடுப்பது செல்லாது என்றது நீதிமன்றம். ஆனாலும் தமிழ்நாட்டில் பழைய குடும்பங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க இன்னும் இருபது வருடம் ஆனது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுச் சுமார் 23,000 பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இன்று தேர்வெழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர் அப்படி வந்தவர். நம் பிள்ளைகள் பலர் இன்று அந்த நாற்காலியில் இருக்கிறார்கள். அது சும்மா வந்ததில்லை.

பேனாவின் பரம்பரை அப்படி முடிந்தது. பறையின் பரம்பரை?

என் தாத்தா வெட்டியான். பெருமுக்கலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எங்கள் உறவுகள் இருக்கிறார்கள். தாத்தா இறந்தது கிட்டத்தட்ட அந்த அவசரச் சட்டம் வந்த சமயம். கருமாதிகூட முடியவில்லை. ஊர்த்தெருவிலிருந்து ஆள் வந்தது. ஒரு சாவு. "உங்கப்பன் போய்ட்டான், அடுத்து நீதான?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். முத்திரைப் பத்திரம் கிடையாது, வாரிசுச் சான்று கிடையாது, இறப்புச் சான்று கேட்கவில்லை, தகப்பன் பெயரில் எழுத்துப் பிசகு பார்க்கவில்லை. இவன்தான் அவன் மகன் என்பதற்கு அன்று ஆதாரமே தேவைப்படவில்லை!

அப்பாவுக்கு அப்போது இருபது வயதிருக்கும். "வரமாட்டேன்" என்றார். அவ்வளவுதான். வயல் வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. கடையில் சாமான் நின்றது. வரப்பில் நடக்க விடவில்லை. பாட்டி அழுதிருக்கிறார், "நீ போய்ட்டு வந்துடேன்டா" என்று. அப்பா மரக்காணத்துக்குப் போய்விட்டார், உப்பளத்துக்கு. உப்புப் பாத்தியில் காலை வைத்தால் பித்தவெடிப்பு எரியும், வெயில் வெள்ளையில் பட்டுக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அங்கே சாயங்காலம் கூலி காசாகக் கிடைக்கும். யாருடைய சாவுக்கும் ஓட வேண்டாம். குத்தகை எடுத்தவர் ஒருவர், உப்பு வாருபவர் இன்னொருவர் என்பது அங்கேயும் உண்டு. அப்பா அதைச் சொர்க்கம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எங்கப்பன் சொத்துன்னு எனக்கு வந்தது அந்த ஒண்ணுதான். அதயும் வாணாம்னுட்டேன்" என்றுதான் சொல்வார்.

சமூகவியல் முதுகலை படிக்கும்போது டோனி பென் என்ற இங்கிலாந்து அரசியல்வாதியைப் பற்றிப் படித்தேன். தொழிலாளர் கட்சிக்காரர், மக்களவை உறுப்பினர். 1960இல் அவருடைய அப்பா இறந்ததும், கேட்காமலேயே வைகவுண்ட் பட்டம் அவர் தலையில் இறங்கிவிட்டது. பிரபுவானவர் மக்களவையில் உட்கார முடியாது. வேண்டாம் என்றாலும் விடவில்லை, ரத்தத்தில் வந்ததைத் துறக்க முடியாது என்றார்கள். இடைத்தேர்தலில் நின்று மறுபடி ஜெயித்தார். அப்போதும் உள்ளே விடவில்லை. போராடினார். 1963இல் பட்டத்தைத் துறக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்த அன்றே அவர் துறந்தார்.

இதைப் படித்த அன்று விடுதி அறையில் நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். பென்னுக்குக் கட்சி இருந்தது, பத்திரிகை இருந்தது, நாடாளுமன்றம் இருந்தது. மூன்று வருடத்தில் ஒரு சட்டம் வந்தது. அவர் துறந்தது மேலே இருந்து கீழே இறங்க. என் அப்பா துறந்தது கீழே இருந்து நிமிர்ந்து நிற்க. அவருக்கு இருந்தது ஒரு வார்த்தை மட்டும்தான். பென்னோடு அப்பாவை ஒப்பிட்டதும் வகுப்பில் ஒருவர், "அது பட்டம், இது தொழில், இரண்டும் ஒன்றா?" என்று கேட்டார். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒன்றில்லை. சாதி அதைவிடக் கெட்டி. பேரன் பட்டம் மூத்த ஆண் வாரிசுக்கு மட்டும் போகும். இளைய மகனின் பிள்ளைகள் சாதாரண மக்களோடு கலந்துவிடுவார்கள். ஆண் வாரிசு அற்றுப்போனால் பட்டமே அற்றுப்போகும். சாதி அப்படியா? மூத்தவனுக்கும் போகும், இளையவனுக்கும் போகும், மகளுக்கும் போகும். தமிழ்நாட்டில் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் 1989இல்தான் வந்தது. இழிவில் மட்டும் மகளுக்கு எந்தக் காலத்திலும் சம பங்குதான். நவாப் பட்டத்தைக் காலாவதி என்று அறிவித்த டல்ஹவுசி, சேரிமேல் சுமத்திய பட்டத்தையும் காலாவதி என்று அறிவிக்கவில்லை. அதற்கு வாரிசு இல்லாமல் போனதே இல்லை.

அதனால்தான் அரசியலமைப்பில் பிரிவு 17ஐயும் பிரிவு 18ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறேன். 17 தீண்டாமையை ஒழிக்கிறது. அடுத்த 18 பட்டங்களை ஒழிக்கிறது. பிறப்பால் கீழே என்பதும் கூடாது, அரசு தரும் பட்டத்தால் மேலே என்பதும் கூடாது. சமத்துவ உரிமை என்ற தலைப்பின் கடைசி இரண்டு பிரிவுகள் இவை. இரண்டில் எது நடைமுறைக்கு வந்தது என்பது உங்களுக்கே தெரியும். ராவ் பகதூர்கள் போய்விட்டார்கள். தனிச் சுடுகாடு போகவில்லை.

இங்கிலாந்திலும் கதை முடியவில்லை. 1999இல் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்றவர்களைப் பிரபுக்கள் சபையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 2013இல் அங்கே வாழும் தலித்துகளின் போராட்டத்தால், சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தும் திருத்தம் நிறைவேறியது. அதற்காக அதிகம் வாதாடியது அதே பிரபுக்கள் சபைதான். 2018இல் அரசு பின்வாங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று சொல்லிவிட்டது. ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு எதிர்ப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல் இருக்கிறது, அதில் சாதியும் அடங்கும் என்று அதன் குழு 2002இல் தெளிவாகச் சொன்னது. அந்தச் சொல்லை 1965இல் உடன்படிக்கையில் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். இப்போது அது சாதியைக் குறிக்காது என்று வாதிடுவதும் இந்தியாதான்.

சரி, நாம் என்ன செய்வது? ஆயாவின் மனுவுக்குத் திரும்புகிறேன். அந்த மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. பழைய பதிவேட்டு நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அந்த மாமனாரைத் தெரிந்த மூன்று முதியவர்களிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கியிருக்கிறோம். மெதுவான வேலை, மேடையில் கைதட்டல் வாங்காத வேலை. ஆனால் நிலம் போனது இந்த வழியாகத்தான், திரும்பி வரப்போவதும் இந்த வழியாகத்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாலை வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்த் தாத்தா, பாட்டி, அவர்களுடைய அப்பா, அம்மா பெயர்களை எழுதி வரவேண்டும். எந்த ஊர், என்ன வேலை, எப்போது இறந்தார்கள், எந்த மண்ணில் உழுதார்கள். மறுநாள் இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேரால் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் விடாமல் கேட்கச் சொன்னேன். ஒரு பாப்பா எழுதி வந்தாள்: "எங்க கொள்ளுப்பாட்டி பேரு யாருக்கும் தெரியல. எல்லாரும் நடவுக்காரின்னு கூப்டுவாங்களாம்." அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒருநாள் ஏதோவொரு அலுவலக மேசைமேல் அது ஆதாரமாக நிற்கும்.

நீங்களும் உங்கள் ஊரில் இதைச் செய்யுங்கள். இந்த விடுமுறையிலேயே செய்யுங்கள். முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

கிரிக்கெட் கேட்ட தம்பி போன வாரம் மறுபடி கேட்டான், "அண்ணா, நீங்க யாரோட பேரன்?" என்று. சொன்னேன். என் தாத்தாவின் பெயர்தான் எனக்கும். ஊர்க்காரர்கள் அவரை அந்தப் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை, வெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய வேலையை என் அப்பா வேண்டாம் என்றார். பெயரை மட்டும் எடுத்து எனக்கு வைத்தார்.

ஜெய்பீம்.